விடுபட்ட ஒற்று

வடிவு பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பத்திரிகையின் பெயர்ப்பலகையில் கை வைத்தாள். ‘மாலை கலங்கரை’ என்று பல வருஷங்களாக வாசலில் தொங்கிய பலகையைக் காட்டி, நடுவில் ஒரு ‘க்’ வர வேண்டும் என்று ஆசிரியர் ஞானமுத்துவிடம் போய் நின்றாள். இடமில்லை என்றார் அவர். நெருக்கிப் போடலாம் என்றாள் இவள். கடைசியில் பெயின்டர் வந்து, கூட்டமான பஸ்ஸில் ஓர் ஆள் ஒண்டி உட்கார்வதுபோல, மெலிந்த ‘க்’ ஒன்றை அந்த இடுக்கில் உட்கார வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒற்றம்மா’ என்றே பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பிழையில்லாமல் சொன்னால் சரி.

இதெல்லாம் சண்டைக்கு முந்திய கதை. ஏழுதுறைக் குடியரசுக்கும் வடதீவுக்கும் போர் மூண்டு இது மூன்றாவது வருஷம். ஏழு துறைமுகங்களும் அவற்றைச் சுற்றிய தீவுகளும் சேர்ந்த சின்ன நாடு, ஆட்சிமொழி தமிழ். கடலைக் காவல் காக்க ஆளில்லாத பொறிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். நீருக்கடியில் நீந்தித் திரிந்து, எதிரி யார் என்று தானே முடிவுசெய்து, தானே சுடும் பொறிகள். கம்பியில்லாமல் போகிற ஒவ்வொரு சொல்லையும் யாராவது ஒட்டுக்கேட்கும் காலம் என்பதால் பத்திரிகைகள் மறுபடி காகிதத்துக்கு வந்தன. பிழை திருத்தும் கணினிகளைத் தணிக்கைத் துறை தன் காதுகளாக மாற்றிக்கொண்டது. அவற்றையும் தூக்கி எறிந்தார்கள். வடிவின் சிவப்புப் பேனாவுக்கு வந்த மவுசு அப்படி வந்ததுதான்.

அவள் மகன் நன்மாறன் போன வருஷம் கடலில் போய்விட்டான். வயது பத்தொன்பது. கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அவன் வந்த ‘நீலவேணி’ என்ற பயணிகள் படகை வடதீவு குண்டு போட்டு மூழ்கடித்துவிட்டதாக அரசாங்கம் சொன்னது. உடல் கிடைக்கவில்லை. அமைச்சர் வீடு தேடி வந்து, ஒரு கொடியை மடித்துக் கொடுத்து, இந்த ரத்தத்துக்குப் பதில் வாங்காமல் விட மாட்டோம் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். படையில் சேர ஊரெல்லாம் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வடிவுக்கு அந்தக் கொடியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

அந்தச் சமயத்தில் அரசாங்கத்திலிருந்து அவளுக்கு வந்த எத்தனையோ தொலைபேசி அழைப்புகளில் ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. கடற்படை அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர். மெல்லிய குரல். “அம்மா, உங்க மகன் பேர்ல வர்றது சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?” என்று கேட்டார். “பெரிய ‘ற’” என்றாள். “தப்பா எழுதிடக் கூடாதுன்னு கேட்டேன்மா” என்று சொல்லிவிட்டு, வைக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அத்தனை ஆறுதல் வார்த்தைகளிலும் அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். மிச்சம் இருந்தது தம்பி பரணி ஒருவன். பாதுகாப்பு அமைச்சகத்தின் தமிழ்ப் பிரிவில் மொழிபெயர்ப்பாளன். கல்யாணம் செய்துகொள்ளாமல் நன்மாறனைத் தோளில் தூக்கியே வயதைக் கழித்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் வாங்கிக்கொண்டு வருவான். மொழிபெயர்ப்பாளனாக இருந்து என்ன பயன், அவனுக்கு இன்றுவரை ஒற்று வராது. சின்ன வயதில் அவள் எத்தனையோ குட்டு வைத்திருக்கிறாள். மண்டை கெட்டியானதுதான் மிச்சம்.

மாலைப் பத்திரிகை என்பதால் அவர்களுக்குக் காலையில்தான் பரபரப்பு. அப்படி ஒரு காலையில் ஞானமுத்து அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேஜையில் பிழை பார்க்க வேண்டிய மெய்ப்புத் தாள் ஒன்று கிடந்தது.

“உட்காருங்க வடிவு. இத வேற ஆள்கிட்டக் கொடுத்திடலாம்னுதான் நெனச்சேன். ஆனா சாயங்காலம் நீங்களே பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கறது பாவம்.”

“என்ன சார்?”

“நீலவேணி.”

அவள் தாளைத் தொடவில்லை. “யார் கொடுத்தது?” என்றாள்.

“சத்தியமா எனக்கே தெரியாது. கவர்ல போட்டோவா வந்துச்சு. ஆளுங்களை வச்சு விசாரிச்சு, உண்மைதான்னு உறுதி பண்ணிக்கிட்டேன். நானே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடிச்சேன். போட்டோவைக் கொளுத்திட்டேன். அனுப்புனவன் உசுரு அதுலதான இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணே ஒண்ணு. இது அரசாங்க ஆவணம். ஒரு எழுத்து மாத்தக் கூடாது. உள்ளது உள்ளபடி போகணும்.”

அது கடற்படையின் உள்விசாரணை அறிக்கை. நீலவேணியைச் சுட்டது வடதீவு இல்லை. நம்முடைய காவல் பொறிதான் பயணிகள் படகை எதிரிக் கப்பல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. தலைமையகத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவர்கள் செய்த முதல் காரியம், மீட்புப் படகுகளை நிறுத்தி வைத்தது. நம் பொறியின் குண்டுச் சிதறல்களைப் பொறுக்கி முடிக்கும்வரை அந்தப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது என்று உத்தரவு. அதற்குள் அந்தி சாய்ந்துவிட்டது. சிதறல் பொறுக்கப் போன பொறியின் கண் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தது. அறிக்கை அதை ஒரே வரியில் சொன்னது: ‘உயிருடன் இருந்தவர்கள் கைகளை அசைத்து கூப்பிட்டது பதிவாகியுள்ளது.’

அதன் கீழே பெயர்கள். நன்மாறன், பெரிய ‘ற’ போட்டு.

வடிவு அழவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கிறான். யாரைக் கூப்பிட்டிருப்பான்? சின்னப் பிள்ளையில் குளியலறையில் கரப்பான் வந்தால் என்ன சொல்லிக் கத்துவானோ அதைத்தான் சொல்லியிருப்பான். அவள் மனசு அந்தக் கடலில் கிடந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. தாளை ஞானமுத்துவிடம் நீட்டியபோது என்ன செய்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை. வடிவின் சிவப்பு மையை அச்சகத்தில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. வேலை முடிந்ததும் அந்தத் தாளை அவள் வாங்கி மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், மகனின் படத்துச் சட்டத்துக்குப் பின்னால் செருகினாள். அரசாங்கம் கொடுத்த கொடியைவிட அதுதான் உண்மை.

பத்திரிகை வந்த அன்று தெருக்கள் அடங்கிப்போய்க் கிடந்தன. துறைமுகத்து வாசலில் ஜனங்கள் சும்மா வந்து நின்றார்கள். நாளைக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று வடிவு நம்பினாள். நடந்தது வேறு. அரசாங்கம் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. அமைச்சர் வானொலியில் பேசினார். நம் வீட்டுக்குள்ளேயே எதிரியின் கை இருக்கிறது என்றார். அவ்வளவுதான். டீக்கடையிலும் பஸ்ஸிலும் ‘யார் சுட்டது’ என்ற பேச்சு காணாமல்போய், ‘யார் சொன்னது’ என்ற பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. பத்திரிகையின் மேல் கை வைத்தால் நேசநாடுகள் கேள்வி கேட்கும். அதனால் கொடுத்தவனைத் தேடினார்கள். சீக்கிரமே பிடித்தும்விட்டார்கள். குணாளன் என்ற கடற்படை அதிகாரி. அந்த அறிக்கையை எழுதியவரே அவர்தான் என்றார்கள்.

வடிவு அவர் பெயரைச் சொல்லி விளக்கேற்றினாள்.

பரணி அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் வெறுங்கையோடு வந்தான். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்றான்.

“அக்கா, நீலவேணித் தாள்ல நீ திருத்தம் போட்டியா?”

“ஒரு எழுத்தும் மாத்தலடா. சார் சொல்லியிருந்தாரு.”

“ஒற்று?”

“ஒற்று போடறது மாத்தறதா என்ன?” என்றாள்.

பரணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

“என்னடா? சொல்லித் தொலை.”

“ஆபீஸ்ல ஒரு இயந்திரம் இருக்குக்கா. பேரே ‘ஒற்றன்’. எவன் வச்ச பேரோ, தமிழ் தெரிஞ்சவன்தான். ரகசிய அறிக்கை ஒண்ணு பதினாறு பேருக்குப் போகுதுன்னா, பதினாறு பிரதியும் ஒண்ணு கிடையாது. ஒவ்வொருத்தர் பிரதியிலயும் வேற வேற இடத்துல ஒற்றை எடுத்துட்டுக் கொடுக்கும். உனக்கு இந்த இடத்துல ‘க்’ இருக்காது, எனக்கு அந்த இடத்துல ‘ப்’ இருக்காது. நம்மாளுக ஒற்று விடறது ஊரறிஞ்ச சங்கதி. எவனுக்குச் சந்தேகம் வரும்? தட்டச்சு பண்ணவன் சரியில்லைன்னு நெனச்சுட்டுப் படிப்பான். விஷயம் வெளிய வந்தா, எங்கெங்க ஒற்று இல்லைன்னு பார்த்து, யாரோட பிரதின்னு சொல்லிடும்.”

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“நேத்துதான் தெரியும். தமிழ்ப் பிரிவு ஆளாச்சேன்னு என்னைக் கூப்பிட்டு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. ஒரு பக்கம் உங்க பேப்பர். ஒரு பக்கம் குணாளன் பிரதி. எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. எழுதினவர் பிரதியில மட்டும் இயந்திரம் கை வைக்காதாம். எல்லா ஒற்றும் சரியா இருக்கற ஒரே பிரதி அவரோடது.”

“அவர்தானடா கொடுத்தாரு? அப்புறம் என்ன?”

“இல்லக்கா.” அவன் தலையைத் தூக்கவில்லை. “நான்தான்.”

சமையலறையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“நேசநாட்டுக்கு மொழிபெயர்க்கணும்னு எங்கிட்ட வந்துச்சு. முதல் பக்கத்துலயே நீலவேணி. உங்கிட்டச் சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேன். உன் முகத்தைப் பார்த்ததும் மீனைக் கொடுத்துட்டுப் போயிடுவேன். கையை அசைச்சுக் கூப்பிட்டான்னு எப்படிக்கா நான் சொல்வேன்? அதான் ஊருக்கே சொன்னேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அந்தத் தாள் எங்க?”

“எந்தத் தாள்?”

“நீ திருத்தின தாள். உன் சிவப்பு மையை விட்டுட்டுப் பார்த்தா அது என் பிரதிக்கா. நான் போய் நான்தான்னு சொன்னா மட்டும் நம்ப மாட்டாங்க. இயந்திரம் சொன்னதுக்கு மேல மனுஷன் பேச்சு எடுபடாது. அந்தத் தாள் வேணும்.”

“குடுத்தா உன்ன என்ன பண்ணுவாங்க?”

“சண்டைக்காலச் சட்டம்தான். சுட்டுடுவாங்க.”

அவன் தலைக்கு மேலேதான் நன்மாறனின் படம் மாட்டியிருந்தது. தாள் அதன் பின்னால்தான் இருந்தது. வடிவு அந்தப் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: “அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்.”

பரணி அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் எழுந்து போய்விட்டான்.

அது பொய்தான். பெரிய பொய்தான். ஆனால் ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் வந்து இன்னொன்றையும் கொடு என்றால் அவள் என்ன செய்வாள்? யாரோ ஒரு அதிகாரி, முகம்கூடத் தெரியாதவர். அவருக்குப் பெரிய இடத்தில் ஆள் இருக்கும், எப்படியாவது தப்பித்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விளக்கேற்றுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

தீர்ப்பு நாள் குறித்துவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரம், விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு சின்னக் கையெழுத்துத் தாள் அவள் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்த பெண்மணியும் கூடவே வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போடாத புடவை. தாளில் இருந்தது இரண்டே வரி: ‘என் கணவர் குணாளன் குற்றமற்றவர். உண்மை தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். – மேகலை.’

“தப்பு இருந்தா திருத்திடுங்கம்மா” என்றாள் அந்தப் பெண். “அவர் இருந்தா அவரே பார்த்துக் கொடுத்திருப்பாரு. வீட்டுல மளிகைச் சீட்டுல ஒற்று விட்டாக்கூட அவருக்குச் சோறு இறங்காது.”

வடிவு பேனாவை எடுத்தாள். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. “தப்பு இல்லம்மா” என்றாள்.

“அவர் யார்கிட்டயும் எதையும் கொடுக்கலம்மா. கொடுக்கற தைரியம்லாம் அவருக்குக் கிடையாது. அவரோட தைரியமெல்லாம் எழுத்துலதான். செத்தவங்க எண்ணிக்கை மட்டும் போதும், பேர் எதுக்குன்னு மேல சொன்னாங்களாம். பேர் இல்லாம கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னுட்டாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் பண்ணுவாரு. சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா, ரெண்டு சுழியா, மூணு சுழியான்னு கேட்டு எழுதுவாரு. கேட்டுட்டு வச்சதும் தனியாப் போய் உட்கார்ந்து அழுவாரு. பேர்ல எழுத்து மாறினா அது வேற யாரோ செத்ததா ஆயிடும்பாரு.”

அந்த மெல்லிய குரல், வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்த அந்தக் குரல், வடிவின் காதுக்குள் வந்து நின்றது. தப்பா எழுதிடக் கூடாதுன்னு கேட்டேன்மா. தப்பே இல்லாமல் எழுதினார். அதற்காகத்தான் அவரைக் கொல்லப் போகிறார்கள். அவர் பிரதியாக அதை ஆக்கியது இவள் பேனா.

“வீட்டுக்குப் போங்கம்மா” என்றாள் வடிவு. “இந்த விளம்பரம் வேண்டியிருக்காது.”

மறுநாள் விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் அவளே வஞ்சிரம் வாங்கிவந்து குழம்பு வைத்தாள். பரணிக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்தபோது தாள் அவன் இடத்தில் இருந்தது.

“நீ வச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும்” என்றான். “என்னைக்கு நீ ஒரு காகிதத்தைக் கிழிச்சிருக்க?”

“தெரிஞ்சும் ஏன்டா கேட்கல?”

“நீயா குடுத்தாத்தான் போக முடியும்க்கா. எடுத்துக்கிட்டுப் போனா உங்கிட்டத் திருடின மாதிரி இருக்கும்.”

அவள் அவன் தலையில் கை வைத்தாள். எத்தனையோ குட்டு வைத்த அதே தலை. போகாதே என்று ஒரு தரமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. சொன்னால் இருந்துவிடுவான் என்ற பயத்தில் சொல்லவில்லை.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தான். “இதை ஞானமுத்து சார்கிட்டக் கொடுத்திடு. நாளைக்குப் போடச் சொல்லு. நீ ஒரு தடவை பார்த்துடு.”

அவள் படித்தாள். ‘நீலவேணி அறிக்கையை வெளியில் கொடுத்தது நான்தான். குணாளன் குற்றமற்றவர். என் அக்காவுக்கு தெரியாது. படகில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள், ஒருவரும் போகவில்லை. போக விடாமல் தடுத்தது யார் என்று கேளுங்கள். – பரணி.’

பேனா முனை மூன்றாவது வாக்கியத்தில் போய் நின்றது. அக்காவுக்கு தெரியாது. ‘கு’வுக்குப் பிறகு வல்லினம் வந்தால் என்ன செய்யணும், சொல்லு, சொல்லு என்று ஸ்லேட்டோடு அவனை மூலையில் நிறுத்திய ஒரு காலம் உண்டு. நாற்பது வயது தாண்டியும் அதே இடத்தில் அதே ஒற்றை விட்டிருக்கிறான். இதை எந்த இயந்திரமும் எடுக்கவில்லை. இது அவனே விட்டது. உலகத்தில் அவன் எழுத்து என்று மிஞ்சப்போவது இந்தக் காகிதம் ஒன்றுதான்.

வடிவு பேனாவை மூடினாள்.

“சரியா இருக்காக்கா?”

“சரியா இருக்குடா.”

அவன் தாளோடு போனான். சாயங்காலமே குணாளனை விட்டுவிட்டார்கள். சிவப்பு மையை நீக்கிப் பார்த்த இயந்திரம் இப்போது பரணியின் பெயரைச் சொன்னது. அதற்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில் பரணியின் வார்த்தைகள் முதல் பக்கத்தில் வந்தன. ஒரு எழுத்து மாற்றக் கூடாது என்று இந்தத் தடவை அச்சகத்தில் போய் நின்று சொன்னது வடிவு.

அன்று மாலை தொலைபேசி ஓயவில்லை. அவன் யார், எந்தத் தெரு, வடதீவில் சொந்தக்காரன் இருக்கிறானா என்று கேட்டார்கள். ஞானமுத்துவுக்குத் தொண்டை கட்டிப்போனது. அடுத்த அழைப்பை வடிவு எடுத்தாள். வயதானவர் குரல். நல்ல உச்சரிப்பு, வாத்தியாராக இருந்தவர் போலிருக்கிறது.

“முதல் பக்கத்துல ஒரு பிழை விட்டிருக்கீங்க. ‘அக்காவுக்குத் தெரியாது’ன்னு நடுவுல ‘த்’ வரணும். மெய்ப்புப் பார்க்க ஆளே இல்லையா அங்க?”

“இருக்கேன் ஐயா. நான்தான் பார்த்தேன்.”

“பார்த்துமா விட்டீங்க?”

“ஆமா ஐயா.” அவளுக்குக் கண் மறைத்தது. “நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். கடைசி வரியையும் படிச்சிருப்பீங்க. போக விடாம தடுத்தது யாருன்னு கேட்டு ஒரு கடிதம் எழுதிப் போடுங்க. உங்க பேரு போட்டு எழுதுங்க. அதுல எத்தனை ஒற்று விட்டாலும் பரவாயில்லை.”

எதிர்முனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரா, யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. வடிவு பிடித்துக்கொண்டே இருந்தாள்.